வீட்டுக் கம்ப்யூட்டருக்கு யூ.பி.எஸ்.: வாங்குவது முதல் பேட்டரி மாற்றுவது வரை

கரண்ட் போனதும் கம்ப்யூட்டரைப் பேட்டரியில் ஓட வைக்கும் பெட்டிதான் யூ.பி.எஸ். அதை வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை மணி நேரம் நிற்கும்?" என்றுதான். வீட்டுக் கம்ப்யூட்டருக்கென்று விற்கும் சின்ன யூ.பி.எஸ். மணிக்கணக்கில் நிற்காது. கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது, இருபத்தைந்து நிமிடம். அதற்குள் செய்துகொண்டிருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு கம்ப்யூட்டரை முறையாக அணைத்துவிட வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் காலை 9 மணிக்கு நிறுத்தி மதியம் 2 மணிக்குக் கொடுக்கிறதே, அந்த ஐந்து மணி நேரத்தை ஓட்ட இது உதவாது. அதற்கு இன்வர்ட்டர் வேண்டும், இல்லை லேப்டாப் வேண்டும்.

அப்படியானால் எதற்கு இது? பராமரிப்பு மின்தடையை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். அன்று நாமே கம்ப்யூட்டரைப் போடுவதில்லை. தொல்லை தருவது சொல்லாமல் போய் இரண்டு நொடியில் திரும்பி வரும் கரண்ட். தெருவில் எல்லோரும் ஏ.சி. போடும் நேரத்தில் இறங்கும் வோல்டேஜும் அப்படித்தான். இந்த இரண்டையும் ஒரு நல்ல யூ.பி.எஸ். உங்களுக்குத் தெரியாமலே சமாளித்துவிடும்.

வீட்டில் ஏற்கெனவே இன்வர்ட்டர் இருந்தால்

பணம் செலவழிக்கும் முன் இன்வர்ட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். பல மாடல்களில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் 'யூ.பி.எஸ்.' என்றும் மறுபக்கம் 'ஈகோ', 'நார்மல்' அல்லது அதுபோல வேறொன்றும் எழுதியிருக்கும். ஈகோ பக்கம் இருந்தால் கரண்ட் போனதும் இன்வர்ட்டர் பொறுப்பேற்க 40 மில்லி வினாடி வரை ஆகலாம். ஃபேனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளையோ முழு லோடில் 16, 17 மில்லி வினாடிதான் தாக்குப்பிடிக்கும்படி செய்யப்பட்டது. அதனால்தான் "இன்வர்ட்டர் இருந்தும் சிஸ்டம் ஆஃப் ஆகிறது" என்ற புகார். சுவிட்சை யூ.பி.எஸ். பக்கம் தள்ளினால் இந்த இடைவெளி 10 மில்லி வினாடி அளவுக்குக் குறையும். பல வீடுகளில் பிரச்சினை இத்துடன் முடிந்துவிடும், கடைக்கே போக வேண்டாம்.

ஆனால் யூ.பி.எஸ். பக்கம் தள்ளிய இன்வர்ட்டர் வோல்டேஜ் விஷயத்தில் கறாராகிவிடும். 180க்குக் கீழே இறங்கினாலே பேட்டரிக்குத் தாவும். ஈகோவில் 100 வரைகூடப் பொறுத்துக்கொள்ளும். உங்கள் பகுதி லோ வோல்டேஜ் பகுதி என்றால், கரண்ட் இருக்கும்போதே பேட்டரி கரைந்து, ராத்திரி நிஜமாகக் கரண்ட் போகும்போது ஃபேனுக்கு ஒன்றும் மிஞ்சாது. அப்படிப்பட்ட வீட்டில் இன்வர்ட்டரை ஈகோவிலேயே விட்டுவிட்டு, கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு சின்ன யூ.பி.எஸ். வைப்பதுதான் சரி.

இன்வர்ட்டர், கரண்டைச் சீரான அலையாக இல்லாமல் சதுரமாக வெட்டித் தரும் பழைய ஸ்கொயர் வேவ் வகையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வரும் கரண்டைச் சில யூ.பி.எஸ்.கள் கரண்ட் என்றே ஒப்புக்கொள்வதில்லை. இன்வர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும், யூ.பி.எஸ்ஸோ தன் பேட்டரியைக் காலி செய்துகொண்டு கத்திக்கொண்டிருக்கும். லைன் கரண்டைப் போலச் சீரான அலை தரும் சைன் வேவ் இன்வர்ட்டரில் இந்தச் சிக்கல் அரிது.

எவ்வளவு பெரியது வாங்குவது

பெட்டியின் மேல் 600 வி.ஏ. (வோல்ட் ஆம்பியர்) என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பக்கத்திலோ அடியிலோ சின்ன எழுத்தில் 360 வாட் என்றிருக்கும். நமக்கு வேண்டியது அந்தச் சின்ன எழுத்து. 1100 வி.ஏ. என்றால் பெரும்பாலும் 660 வாட். வாட் எவ்வளவு என்றே போடாத பெட்டியை வாங்க வேண்டாம்.

இனி உங்கள் கம்ப்யூட்டர் எவ்வளவு இழுக்கிறது என்று தெரிய வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண டெஸ்க்டாப் 60 முதல் 100 வாட், 22 அல்லது 24 அங்குல மானிட்டர் 20 முதல் 30 வாட், ரவுட்டர் 10 வாட் அளவில். ஆக, எழுத்து வேலை, கணக்கு, ஆன்லைன் வகுப்பு என்று ஓடும் வீட்டுக்கு 600 வி.ஏ. தாராளம். கிராபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் சிஸ்டம் 300, 400 வாட்டைத் தாண்டும். அதற்கு 1100 வி.ஏ.யில் தொடங்கி மேலே பார்க்க வேண்டும். பவர் சப்ளையின் ஸ்டிக்கரில் 450 வாட் என்று இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது கொடுக்கக்கூடிய உச்ச அளவு, எப்போதும் இழுப்பது அல்ல.

சரியாகத் தெரிய வேண்டும் என்றால் வீட்டு மீட்டரே சொல்லும். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள், 3200 என்பதுபோல. ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கம்ப்யூட்டரை மட்டும் போட்டு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். நிமிடத்துக்கு 8 என்றால் மணிக்கு 480. அதை 3200ஆல் வகுத்தால் 0.15 யூனிட், அதாவது 150 வாட். மாடி வீட்டுக்காரர்களுக்கு மீட்டர் பெட்டி கீழே இருக்கும், கூட ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

கிடைத்த எண் யூ.பி.எஸ்ஸின் வாட்டில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். தாண்டினால் பேட்டரியில் ஓடும் நேரம் சட்டென்று குறைந்துவிடும்.

ஏன் கால் மணி நேரம்தான் என்பதற்கு ஒரு கணக்கு. 600 வி.ஏ. பெட்டிக்குள் பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் (ஏ.எச்.) பேட்டரி ஒன்றுதான் இருக்கும். பெருக்கினால் 84 வாட் அவர், 100 வாட் லோடுக்கு 50 நிமிடம் என்று வரும். அந்த 7 என்பது 20 மணி நேரம் மெதுவாக இறக்கும்போது கிடைக்கும் அளவு. ஈய பேட்டரியிலிருந்து வேகமாக இழுத்தால் அவ்வளவு கொடுக்காது. பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் வேலையிலும் கொஞ்சம் வீணாகும். கடைசியில் கையில் நிற்பது பாதிக்கும் குறைவு. வி.ஏ. பெரிதானால் நேரமும் தானாகக் கூடும் என்று நினைக்க வேண்டாம், "உள்ளே எத்தனை பேட்டரி, எத்தனை ஏ.எச்.?" என்று கேளுங்கள்.

எந்த வகை

வீட்டுக்கு லைன் இன்டராக்டிவ் வகை. கரண்ட் இருக்கும்போதே வோல்டேஜை ஏற்றி இறக்கிச் சரிசெய்யும் அமைப்பு இதில் உண்டு. பல மாடல்கள் 145 முதல் 290 வோல்ட் வரை பேட்டரியைத் தொடாமலே சமாளிக்கும். மலிவான ஆஃப்லைன் வகையில் அந்த அமைப்பு இல்லாததால் லோ வோல்டேஜ் வரும்போதெல்லாம் பேட்டரிக்குப் போகும். ஆன்லைன் வகை ஆஸ்பத்திரிக்கும் சர்வர் அறைக்கும். விலை அதிகம், ஃபேன் சத்தம் ஓயாது. வீட்டுக்கு வேண்டாம்.

வீட்டு யூ.பி.எஸ்.களில் பெரும்பாலானவை பேட்டரியில் ஓடும்போது சுத்தமான சைன் வேவ் தராது, படிக்கட்டு போன்ற ஒரு அலையைத் தரும். சாதாரண சிஸ்டத்துக்கு அது போதும். விலை உயர்ந்த சில பவர் சப்ளைகளில் 'ஆக்டிவ் பி.எஃப்.சி.' என்று இருக்கும். அவற்றில் சில, யூ.பி.எஸ். பேட்டரிக்கு மாறும் கணத்தில் படக்கென்று அணைந்துவிடும். உங்கள் சிஸ்டம் அந்த வகை என்றால் வாங்கும் கடையிலேயே, "ஒத்துவராவிட்டால் மாற்றித் தருவீர்களா?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் முன் எர்த்

இதைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். கம்ப்யூட்டர் பெட்டியின் உலோகப் பகுதியில் விரல் பட்டால் சுறுசுறுவென்று இருக்கிறதா? பெரும்பாலும் அந்த சாக்கெட்டில் எர்த் இல்லை என்று பொருள். யூ.பி.எஸ். வைத்தால் இது சரியாகாது, அந்த யூ.பி.எஸ்ஸின் பெட்டியும் ஷாக் அடிக்கும். பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், மேல் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் வரும் பேஸ் வயருக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட 230 வோல்ட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட்டும் காட்டினால் நிம்மதி. மூன்றாவது முள்ளை உடைத்துவிட்டு இரண்டு துளையில் செருகுவது, நியூட்ரலை எர்த்தோடு முடிச்சுப் போடுவது போன்ற கைவைத்தியங்களை அவர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டாவதாகச் சொன்னது உயிருக்கே ஆபத்து.

பெட்டியைப் பிரித்த முதல் நாள்

புது யூ.பி.எஸ். அசையாமல் கிடந்தால் பழுது என்று திருப்பிக் கொண்டுபோக வேண்டாம். சில கம்பெனிகள் லாரியில் வரும்போது பாதுகாப்புக்காகப் பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றியே அனுப்புகின்றன. அடியில் உள்ள மூடியைத் திறந்தால் சிவப்பு வயர் தனியாகத் தொங்கும். அதைச் சிவப்பு முனையில் அழுத்திச் செருக வேண்டும்; செருகும்போது சின்னதாக ஒரு பொறி வந்தால் பயப்பட வேண்டாம்.

அப்புறம் சுவர் சாக்கெட்டில் நேரடியாகச் செருகி, எதையும் மாட்டாமல் எட்டு மணி நேரம் சார்ஜ் ஏற விடுங்கள். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் சரியாக இருக்கும். நடுவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். தரையில் வைப்பதானால் வீடு துடைக்கும் தண்ணீர் படாத இடமாகவும், பக்கவாட்டுத் துளைகளுக்குச் சுவரிலிருந்து நாலு விரல் இடைவெளி இருக்கும்படியும் வையுங்கள். வெயில் விழும் ஜன்னலோரம் கூடாது. சூடுதான் இந்தப் பேட்டரிக்கு முதல் எதிரி.

எதை மாட்டலாம், எதை மாட்டக் கூடாது

சி.பி.யூ., மானிட்டர், ரவுட்டர். இவ்வளவுதான். ரவுட்டரை விட்டுவிடாதீர்கள், கரண்ட் போனதும் நெட் போய்விட்டால் ஆன்லைனில் எழுதிக்கொண்டிருந்த படிவத்தைச் சேமிக்க முடியாது.

லேசர் பிரிண்டரை ஒருபோதும் மாட்டாதீர்கள். தாளைச் சூடாக்க உள்ளே இருக்கும் உருளை ஒரே இழுப்பில் பல நூறு வாட் கேட்கும், யூ.பி.எஸ். ஓவர்லோட் என்று அலறி எல்லாவற்றையும் அணைத்துவிடும். இங்க்ஜெட் குறைவாகத்தான் இழுக்கும், ஆனாலும் கரண்ட் போன நேரத்தில் பிரிண்ட் எடுக்க வேண்டிய அவசரம் அபூர்வம், சுவரிலேயே இருக்கட்டும். டேபிள் ஃபேன், மிக்ஸி, கொசு பேட் சார்ஜர் எதுவும் வேண்டாம். யூ.பி.எஸ்ஸின் பின்னால் ஸ்பைக் பஸ்டரை மாட்டி அதிலிருந்து பிரிக்கும் பழக்கமும் நல்லதல்ல. துளை போதாமல் பெட்டி நிறையச் செருகத் தோன்றும், பிறகு யார் எதை மாட்டினார்கள் என்றே தெரியாது. சில பெட்டிகளில் ஒன்றிரண்டு துளைகள் 'சர்ஜ் ஒன்லி' என்று குறிக்கப்பட்டிருக்கும். அவற்றுக்குப் பேட்டரி இணைப்பு கிடையாது. சி.பி.யூ.வை அதில் செருகிவிட்டு யூ.பி.எஸ். வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர்.

சோதித்துப் பார்ப்பது

முக்கியமான எதையும் திறக்காமல் கம்ப்யூட்டரைப் போடுங்கள். சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் எர்த்தும் போய்விடும். நம் ஊர் சாக்கெட் சுவிட்ச் பேஸை மட்டும் துண்டிக்கிறது. கம்ப்யூட்டர் அசையாமல் ஓடினால் நல்லது. ஐந்து நிமிடம் ஓட விட்டு சுவிட்சைத் திரும்பப் போடுங்கள். இன்னொரு நாள், பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது, அபாய ஒலி வேகமாக மாறும் வரை விட்டு எத்தனை நிமிடம் வந்தது என்று பாருங்கள். அந்த எண்ணையும் தேதியையும் ஒரு துண்டு ஸ்டிக்கரில் எழுதி யூ.பி.எஸ்ஸின் மேலேயே ஒட்டிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடச் சோதனை, வருடத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை. அதற்கு மேல் பேட்டரியை வேண்டுமென்றே காலி செய்தால் அதன் ஆயுள்தான் குறையும்.

ஆள் இல்லாதபோது தானாக அணைய

யூ.பி.எஸ்ஸின் பின்னால் யூ.எஸ்.பி. துளை இருந்தால் அதற்குரிய கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். பெரும்பாலான மாடல்களை விண்டோஸ் லேப்டாப் பேட்டரியைப் போலவே அடையாளம் கண்டு, மூலையில் பேட்டரிப் படத்தைக் காட்டும். பிறகு கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் 'பேட்டரி' என்ற பகுதியைத் திறந்து, 'கிரிட்டிக்கல் பேட்டரி ஆக்‌ஷன்' என்பதை ஹைபர்னேட் அல்லது ஷட் டவுன் என்று வையுங்கள். எத்தனை சதவீதத்தில் என்பதை 30 அல்லது 40 என்று உயர்த்தி வையுங்கள். பழகிய பேட்டரி 20 சதவீதம் என்று காட்டிக்கொண்டே சட்டென்று விழுந்துவிடும். உபுண்டு வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் பவர் பக்கத்தைப் பார்க்கலாம். இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் 'நெட்வொர்க் யூ.பி.எஸ். டூல்ஸ்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

மலிவான மாடல்களில் இந்தத் துளையே இருக்காது. அப்போது பீப் சத்தம்தான் செய்தி. சில நொடிக்கு ஒருமுறை நிதானமாக வந்தால் பேட்டரியில் ஓடுகிறது, சேமிக்கத் தொடங்குங்கள். வேகமாக வந்தால் பேட்டரி தீரப் போகிறது, உடனே அணையுங்கள். நிற்காமல் கத்தினால் ஓவர்லோட், எதையோ அதிகம் மாட்டியிருக்கிறீர்கள். சத்தம் பிடிக்கவில்லை என்று அதை நிரந்தரமாக நிறுத்திவைப்பவர்கள், கரண்ட் போனதே தெரியாமல் கால் மணி நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

இடி மின்னலின்போது யூ.பி.எஸ்ஸை மட்டும் நம்ப வேண்டாம். கோடை இடிமழையிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் கம்ப்யூட்டரை அணைத்து, யூ.பி.எஸ். பிளக்கையும் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். நெட் தொலைபேசி வயர் வழியாக வருகிறது என்றால் அதையும் கழற்ற வேண்டும். ஃபைபர் என்றால் அந்தக் கண்ணாடி இழை வழியாக மின்சாரம் வராது.

பேட்டரி மாற்றும் நேரம்

யூ.பி.எஸ். பத்து வருடம் ஓடலாம், உள்ளே இருக்கும் பேட்டரி ஓடாது. 25 டிகிரி வெப்பத்தை வைத்துத்தான் அதன் ஆயுளைக் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். வேலூரிலோ மதுரையிலோ ஏ.சி. இல்லாத அறையில் இரண்டு, மூன்று வருடம் வந்தாலே நல்ல பேட்டரி. ஸ்டிக்கரில் எழுதிய நிமிடம் பாதியாகக் குறைந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். கரண்ட் போனதும் கம்ப்யூட்டரும் சேர்ந்து போகும் வரை காத்திருக்க வேண்டாம்.

வாங்கும்போது பழைய பேட்டரியைக் கையில் எடுத்துப் போவதே சுலபம். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு, மற்ற ஊர்களில் இன்வர்ட்டர் கடைகள். வோல்ட், ஏ.எச்., நீள அகலம், முனையின் அகலம் நான்கும் ஒத்துப்போக வேண்டும். தயாரித்த தேதியைப் பாருங்கள். அலமாரியில் ஒரு வருடம் தூங்கிய பேட்டரி பாதி செத்தது. கையில் தூக்கியும் பாருங்கள். 7 ஏ.எச். பேட்டரி இரண்டு கிலோவை ஒட்டி இருக்கும், மிக லேசாக இருந்தால் உள்ளே ஈயம் குறைவு. இரண்டு பேட்டரி உள்ள பெட்டி என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் ஜோடி சேர்ந்தால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். கார் பேட்டரியை வெளியே வயர் இழுத்து மாட்டினால் மணிக்கணக்கில் ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே இருக்கும் சார்ஜரும் டிரான்ஸ்ஃபார்மரும் கால் மணி நேர வேலைக்கென்று செய்தவை, சூடேறிக் கருகும்.

அடியில் மூடி உள்ள மாடலாக இருந்தால் நீங்களே மாற்றலாம். யூ.பி.எஸ்ஸை அணைத்து, பிளக்கை எடுத்து, மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மோதிரம், உலோகக் கடிகாரம் இருந்தால் அவற்றையும். வயர் எப்படி இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, முதலில் கறுப்பு, பிறகு சிவப்பு என்று கழற்றுங்கள். மாட்டும்போது முதலில் சிவப்பு, கடைசியில் கறுப்பு. சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றி மாட்டினால் பியூஸ் போகும், சில பெட்டிகளில் போர்டே போகும். பெட்டி முழுவதையும் ஸ்க்ரூ கழற்றித் திறக்க வேண்டிய மாடல், அல்லது பேட்டரி உப்பிப்போய் வெளியே வர மறுக்கிறது என்றால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். நெம்பி எடுக்க வேண்டாம்.

பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கின்றன. மறுசுழற்சிக்குத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைக்கும் மத்திய அரசின் விதிகளும் இருக்கின்றன. ஈயத்துக்கு விலை உண்டு என்பதால் பெரும்பாலான கடைகள் பழையதை வாங்கிக்கொண்டு புதியதன் விலையில் ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளும். கேட்காவிட்டால் சில கடைகளில் கழிக்க மாட்டார்கள், அதனால் பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.